அங்கத்தவர் இலக்கம் ஒன்று

வாருங்கள் செல்லங்களே, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். பின்னுக்கு நிற்கிறவர்கள் முன்னுக்கு வந்து சம்மணம் போட்டு இருங்கள். நெருக்கித்தான் இருக்க வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ஒன்று, எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது கதை கொஞ்சத் தூரம் போனதும் உங்களுக்கே விளங்கும். ஒரு படகும் ஐந்து பதவிகளும் ஒரு சின்னப் பெண்ணும் வருகிற கதை இது. கேட்டு முடிக்கும்போது சிரிப்பு வராவிட்டால் என்னைக் கேளுங்கள்.

குருக்கள்மடத்தில் பெரிய தெருவுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவிப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனுஷா இருந்தாள். வயது பதினொன்று. அப்பா உதயரூபன் ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா சுலோஜனா தையல்காரி.

சூரியன் எழும்புகிற பக்கம் என்பதால் அவர்கள் இருக்கும் கரைக்கு எழுவான்கரை என்று பேர். சூரியன் படுகிற எதிர்க்கரைக்குப் படுவான்கரை. தனுஷாவின் வாசலில் நின்றால் படுவான்கரைத் தென்னைகள் சீப்புப் பல்லுப் போலச் சின்னதாகத் தெரியும். அந்தக் கரைக்கு ஆட்கள் பாலத்தால் போனார்கள், தோணியில் கம்பு ஊன்றிப் போனார்கள், இயந்திரம் பூட்டிய படகிலும் போனார்கள். காற்றை மட்டும் நம்பிப் போன ஒருவரையும் தனுஷா கண்டதில்லை.

ஒருநாள் அப்பா காத்தான்குடிக்குப் போனார். அங்கே மஜீட் என்பவருக்குப் பழைய சாமான் கடை ஒன்று இருந்தது. பழுதான குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பின்னால் வெள்ளை நிறத்தில் ஒரு சின்னப் படகு குப்புறக் கிடப்பதை அப்பா கண்டார்.

"இது என்ன காக்கா?" என்று கேட்டார். காத்தான்குடியில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பாய்ப்படகு. ஒரு விடுதியில கழிச்சு விட்டது. பாய் இல்ல, பாய்மரம் இல்ல, சுக்கானும் இல்ல."

"மறுகா என்னதான் இருக்கு?"

"ஓட்டை இல்ல" என்றார் மஜீட் பெருமையாக.

அப்பா படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். மஜீட் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கொண்டு போங்க. இது எப்பயாவது ஓடினா என்னையும் ஒருக்கா ஏத்தோணும். அது போதும்."

ஊரிலே யதுர்ஷன் சேர் என்று ஒரு கணித ஆசிரியர். பாய்ப்படகு ஓட்டுவதைப் பற்றி ஒரு புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பாடமாக்கி வைத்திருந்தார். பாய்ப்படகில் ஏறியது மட்டும் இல்லை. படகு வந்த சேதி கேட்டு, சைக்கிளை நிறுத்தாமலே குதித்து ஓடிவந்தார்.

அடுத்ததாக வந்தவர் சீதேவிப்பிள்ளை. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊரெல்லாம் அவரைக் கந்தோர் மாமி என்றே கூப்பிடும்.

"முப்பத்தஞ்சு வருசமா மற்றவங்கட கடுதாசிதான் ஊர் ஊராப் போச்சு" என்றார் மாமி. "நானும் ஒருக்கா அக்கரைக்கெண்டாலும் போகோணும் கா."

இப்படித்தான் ஐந்து பேர் சேர்ந்தார்கள். ஐந்து பேர் சேர்ந்தால் நம் ஊரில் முதல் வேலை என்ன? கூட்டம்தான்! வாசிகசாலையில் தேத்தண்ணியோடும் வாழைப்பழத்தோடும் கூட்டம் நடந்தது. 'வாவிப் பாய்ப்படகுக் கழகம்' பிறந்தது. யதுர்ஷன் சேர் தலைவர். அப்பா உபதலைவர். அம்மா செயலாளர். மஜீட் பொருளாளர். கந்தோர் மாமி போசகர். கழகத்தின் விதிகளைச் சொல்லும் யாப்பு ஒன்றும் எழுதினார்கள். தனுஷாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் யாப்பை நல்ல பிரதி எடுக்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது.

அப்பா படிவத்தை எடுத்துக்கொண்டு பதிவு செய்யக் களுவாஞ்சிக்குடிக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன, பதிஞ்சாச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல. விளையாட்டு உத்தியோகத்தர் படிவத்தை மேலயும் கீழயும் பாத்தார். 'தலைவர் இருக்கிறார், உபதலைவர் இருக்கிறார், எல்லாரும் இருக்கிறாங்க. அங்கத்தவர் எங்க?' எண்டு கேக்கிறார்."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் தம் பதவியை விட்டு இறங்கத் தயாரில்லை. அப்போது ஒரு சத்தம் கேட்டது. தனுஷா கடைசி வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

அப்படித்தான் தனுஷா அங்கத்தவர் இலக்கம் ஒன்று ஆனாள். இலக்கம் இரண்டு, மஜீட்டின் மகன் றிப்ஷான். அவனுக்கும் பதினொரு வயதுதான். சனி, ஞாயிறு என்றால் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் தொங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

படகுக்கு 'வாவியரசி' என்று பெயர் வைத்தார்கள். மூங்கிலில் பாய்மரம் நட்டார்கள். யதுர்ஷன் சேர் அளவு சொல்ல, அப்பா பலகையில் சுக்கான் அறுத்தார். அம்மா உரப்பைகளை வெட்டி, இரட்டையாக மடித்து, பாய் தைத்தாள். நல்ல உறுதியான பாய். ஒரேயொரு குறை. பாயை ஏற்றியதும் 'யூரியா 50 கிலோ' என்ற எழுத்துத் தலைகீழாகத் தெரிந்தது. அன்றிலிருந்து வாவியரசி என்று ஒருவரும் கூப்பிடவில்லை. ஊர் முழுக்க "யூரியா, யூரியா" என்றுதான் சொல்லிச் சிரித்தது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் யூரியா தண்ணீரில் இறங்கியது. கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். யதுர்ஷன் சேர் கழுத்தில் ரை கட்டி வந்திருந்தார். கந்தோர் மாமி பட்டுச் சேலை. ஐந்து பேரும் படகில் ஏறினார்கள்.

"நானும் ஏறட்டா?" என்று தனுஷா கேட்டாள்.

"மகள், நீ அங்கத்தவர்தானே" என்றார் அப்பா. "கரையில நிண்டு படம் எடு."

தனுஷா அப்பாவின் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். படகு நாலு முழம் தள்ளிப் போனது.

"எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க!" என்றாள்.

பார்த்தார்கள். பார்த்தது மட்டுமா? முகம் மறையக்கூடாதே! தலைவர் நகர்ந்தார். தலைவரே நகர்ந்தால் உபதலைவர் சும்மா இருப்பாரா? செயலாளர், பொருளாளர், போசகர் என்று எல்லாரும் கரைப் பக்கத்து விளிம்பிலே வரிசையாக வந்து அமர்ந்து, பல் தெரியச் சிரித்தார்கள்.

தனுஷா அமத்தினாள். க்ளிக்!

சளார்!

தண்ணீர் இடுப்பளவுதான். ஐந்து பேரும் உடனே எழும்பிவிட்டார்கள். மஜீட்டின் தொப்பி தனியே மிதந்தது. சேரின் ரை அவர் தோளுக்குப் பின்னால் நீந்தியது. கரையில் நின்ற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கோணாமலை, மீனவர் சங்கத்தின் தலைவர். யூரியாவின் பாய்மரம் விழுந்த இடத்தில் அவருடைய இறால் வலை கிடந்தது. வலை சுருண்டு, கிழிந்து, மூங்கிலில் மாலை போலத் தொங்கியது.

கோணாமலை தண்ணீருக்குள் இறங்கி வலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குச் சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. மெல்லத்தான் பேசுவார். ஆனால் அவர் மெல்லப் பேசினால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

"இது எங்கட துறை. நாங்க சோறு தின்னுற இடம். வாற ஆக்களை நாங்க தள்ளுறதில்ல. ஆனா ஒண்டு. வாற சனி இல்ல, அதுக்கடுத்த சனிக்கிழமை இந்தக் கரையில இருந்து படுவான்கரைக்குப் போங்க. கம்பு ஊன்றக்கூடாது, இயந்திரம் கூடாது, ஒருத்தர் வலையிலயும் முட்டக்கூடாது. பொழுது பட முந்தித் திரும்பி வந்திட்டீங்க எண்டா துறையில உங்களுக்கும் ஒரு இடம். இல்லாட்டி இதைத் தூக்கி ஆட்டோவில கட்டிற்றுப் போங்க."

ஐந்து பேரும் தலையாட்டினார்கள். அவர்களின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அன்று மாலை கழகத்தின் முதல் அறிக்கையை அம்மா எழுதினாள். 'முதலாவது ஓட்டம். தூரம், நாலு முழம். நேரம், பன்னிரண்டு விநாடி.' எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"அந்தப் படத்தை ஒருத்தருக்கும் காட்டிராதே புள்ள" என்றார் கந்தோர் மாமி, சேலையைப் பிழிந்தபடி. தனுஷா யாருக்கும் காட்டவில்லை. தனியே இருக்கும்போது எடுத்துப் பார்த்துத் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு அந்தச் சுருண்ட வலைதான் ஞாபகம் வந்தது. அந்தச் சனிக்கிழமை தோற்றுப்போனால் யூரியா போய்விடும் என்பதும் ஞாபகம் வந்தது. அங்கத்தவர் இலக்கம் ஒன்று இன்னும் ஒரு தரம்கூடப் படகில் ஏறவில்லையே!

அதற்கு முந்திய சனிக்கிழமை காலை, தனுஷா றிப்ஷானைக் கூட்டிக்கொண்டு கோணாமலையின் வளவுக்குப் போனாள். அவர் வேப்பமரத்தின் கீழ் இருந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, யூரியாக் கூட்டமா?"

"ஓம் மாமா. சிக்கெடுக்க வந்தம்."

"உங்களை அனுப்பினது ஆர்?"

"ஒருத்தரும் அனுப்பல்ல" என்றான் றிப்ஷான். "விழுந்தது எங்கட படகுதானே."

கோணாமலை வலையின் ஒரு முனையை அவர்கள் பக்கம் தள்ளினார். சின்ன விரல்களுக்குச் சிக்கு நன்றாகவே அவிழ்ந்தது. வெயில் உச்சிக்கு வரும்வரை மூவரும் வேலை செய்தார்கள்.

"மாமா" என்றாள் தனுஷா, "தண்ணிக்குள்ள வலை எங்க எங்க கிடக்கு எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிற?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? வலை நட்டவனுக்கு வலை தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாதே. உங்கட வலைக்கம்பு எல்லாம் தண்ணி நிறத்திலதான் இருக்கு. அம்மாட்ட வெட்டித் துண்டுச் சீலை நிறையக் கிடக்கு மாமா, சிவப்புச் சீலை. ஒவ்வொரு கம்பிலயும் ஒண்டு கட்டிவிடட்டா?"

கோணாமலை தாடியைச் சொறிந்தார். போன மாதம் இயந்திரப் படகு ஒன்றும் அவருடைய வலையை அறுத்துக்கொண்டு போயிருந்தது.

"கட்டினாக் கட்டு" என்றார். "தோணியைத் தாறன். வாங்க, இடத்தைக் காட்டுறன்."

அன்று பின்னேரம் எழுவான்கரைப் பக்கமாக வாவியில் சிவப்பு மொட்டுகள் பூத்தது போல இருபத்தேழு துணிகள் ஆடின.

மறுநாள் ஞாயிறு காலை பெரியவர்கள் ஒத்திகை பார்த்தார்கள். காலை நேரத்தில் படுவான்கரையிலிருந்து கச்சான் காற்று வீசும். காற்றுக்கு நேர் எதிரே பாய்ப்படகு போகாது. கொஞ்சம் வலப்பக்கம் சரித்து, பிறகு கொஞ்சம் இடப்பக்கம் சரித்து, பாம்பு ஊர்வது போலத்தான் போக வேண்டும். இது யதுர்ஷன் சேருக்குத் தெரியும். புத்தகத்தில் நாற்பத்திரண்டாம் பக்கம். ஆனால் ஒவ்வொரு தரமும் திரும்புகிற நேரம் ஐந்து வாய் ஒன்றாகத் திறந்தது.

"இப்ப கிறுகு!"

"இல்ல, பொறு பொறு!"

"கயித்தை விடுங்க காக்கா!"

"எந்தக் கயிறு?"

"நான்தானே உபதலைவர்!"

படகு திரும்பாமல் நடுவிலே நின்று, பாய் படபடவென்று அடித்தது. மூன்று தரம் போனார்கள். மூன்று தரமும் தண்ணீருக்குள் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள்.

கரையிலிருந்து பார்த்த றிப்ஷான் கேட்டான். "ஏன் தனுஷா, நேராப் போனா என்ன? ஏன் வளைஞ்சு வளைஞ்சு போறாங்க?"

தனுஷா சைக்கிளை எடுத்தாள். "பின்னுக்கு ஏறு."

வாவிக்கரைப் பாதையில் கச்சானுக்கு நேராக மிதித்தாள். சைக்கிள் அசைய மாட்டேன் என்றது. பிறகு இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்குமாகச் சரித்துச் சரித்து மிதித்தாள். சைக்கிள் முன்னுக்குப் போனது.

"ஓ!" என்றான் றிப்ஷான். "பள்ளிக்கூடம் போகக்குள்ள நானும் இப்படித்தானே போறன்!"

"நீ பின்னுக்கு இருந்துகொண்டு மற்றப் பக்கம் சாய்ஞ்சா என்ன நடக்கும்?"

"ரெண்டு பேரும் விழுவம்."

"அதுதான் அங்க நடக்குது."

அந்தக் கிழமை றிப்ஷான் ஒவ்வொரு பின்னேரமும் வந்தான். கரையில் ஏற்றி வைத்த யூரியாவுக்குள் ஏறி இருவரும் விளையாடினார்கள். தனுஷா சுக்கானைப் பிடிப்பாள். றிப்ஷான் பாய்க்கயிற்றைப் பிடிப்பான். "கிறுகு!" என்று தனுஷா ஒரு சொல் சொன்னதும் இருவரும் தலையைக் குனிந்து மற்றப் பக்கம் தாவுவார்கள். நூறு தரம் தாவியிருப்பார்கள். முதல் பத்துத் தரம் தலை இடிபட்டது. பிறகு இடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை வாசிகசாலையில் அவசரக் கூட்டம்.

"புத்தகத்தில ஒரு விசயம் இருக்கு" என்றார் யதுர்ஷன் சேர், தரையைப் பார்த்தபடி. "நான் சொல்லாம விட்டிட்டன். இந்தப் படகு ரெண்டு பேருக்கு மட்டும்தான்."

"இதை ரெண்டு கிழமைக்கு முந்திச் சொல்லியிருந்தா என்ட பட்டுச் சேலை தப்பியிருக்கும்!" என்றார் கந்தோர் மாமி.

"ஆரை விடுற எண்டு தெரியாமத்தான் சொல்லல்ல" என்றார் சேர்.

அவ்வளவுதான். எந்த இரண்டு பேர் என்று தொடங்கியது. சுக்கான் பிடிப்பது தலைவர்தான் என்றார் சேர். படகைக் கண்டுபிடித்தது நான் என்றார் அப்பா. தந்தது நான் என்றார் மஜீட். பாய் யாருடையது என்று கேட்டாள் அம்மா. நாளைக்கு யூரியா யாருக்குமே இல்லாமல் போகப் போகிறது என்று தனுஷாவுக்குத் தோன்றியது. அவள் எழும்பி நின்றாள்.

"யாப்பில இருக்கிறபடி செய்வமே" என்றாள்.

"யாப்பில என்ன இருக்கு?"

பிரதி எடுத்தவள் அல்லவா! தனுஷா பாராமலே சொன்னாள். "தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். தலைவர் இல்லாத நேரம் உபதலைவர் தாங்குவார். செயலாளர் அறிக்கை எழுதுவார். பொருளாளர் சாமான்களைப் பாதுகாப்பார். போசகர் ஆலோசனை தருவார்." கொஞ்சம் மூச்சு விட்டாள். "ஏனைய வேலைகளை அங்கத்தவர்கள் செய்வர்."

"ஓம், கதிரை அடுக்க, தேத்தண்ணி ஊத்த. அதுக்குத்தான் அதை எழுதின" என்றார் அப்பா.

"படகு ஓட்டுற ஆர் எண்டு எழுதல்லயே அப்பா. அப்ப அதுவும் ஏனைய வேலைதானே?"

யதுர்ஷன் சேர் யாப்பை வாங்கி வாசித்தார். திருப்பி வாசித்தார். கணிதம் படிப்பிக்கிறவர் அல்லவா, சரியான விடையைக் கண்டால் தப்பென்று சொல்ல மனம் வராது.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

"ரெண்டு பேருக்கும் நல்லா நீந்தத் தெரியும்" என்றார் மஜீட், மெல்ல.

அம்மா மட்டும் தனுஷாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கரையில நீங்க தாவித் தாவி விளையாடினதை நான் பாத்தன்" என்றாள். "லைஃப் ஜக்கெட் போடோணும். கோணாமலை அண்ணன்ட தோணி பின்னுக்கு வரோணும். அப்படியெண்டாப் போங்க."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யூரியா புறப்பட்டது. கோணாமலை தோணியில் கம்பு ஊன்றிப் பின்னால் வந்தார். கரையில் ஐந்து பதவிகளும் வரிசையாக நின்றன.

"கிறுகு!" என்றாள் தனுஷா. இரண்டு தலைகள் குனிந்தன. பாய் மற்றப் பக்கம் போய் 'டப்' என்று நிறைந்தது. கரையில் மஜீட் துள்ளிக் குதித்தார்.

வலது சரிவு, இடது சரிவு, மறுபடியும் வலது. சீப்புப் பல்லாகத் தெரிந்த தென்னைகள் விரலாகி, கையாகி, கடைசியில் குலை தெரியும் மரங்களாகிவிட்டன. படகின் அடி படுவான்கரை மணலைத் தொட்டது. அங்கே ஒரு நாவல் மரம் பழுத்துக் கொட்டிக் கிடந்தது. போனதற்கு அத்தாட்சி வேண்டாமா? இருவரும் மடி நிறையப் பொறுக்கினார்கள். கோணாமலைக்கும் கொடுத்தார்கள். மூன்று நாக்கும் ஊதாவாயின.

"இனி லேசுதான்" என்றான் றிப்ஷான். "காத்து முதுகுக்குப் பின்னால. நேரா வீடு."

அப்போது பாய் தொங்கியது. தென்னோலை அசையவில்லை. கச்சான் அடங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் எழுவான்கரைப் பக்கமாகத் தண்ணீரில் ஒரு கறுப்புக் கோடு ஓடி வந்தது. கடற்காற்று! மத்தியானத்துக்குப் பிறகு தினமும் வருகிற காற்று. இப்போது அது அவர்களின் முகத்தில் அடித்தது.

"வரக்குள்ளயும் எதிர்க்காத்தா!" றிப்ஷானின் முகம் சுருங்கிவிட்டது. "இந்தக் காத்துக்கு நம்மளோட என்ன கோவம்?"

கோணாமலை தோணியைக் கிட்டக் கொண்டுவந்தார். "கயிறு எறியட்டா புள்ளைகள்?"

கயிற்றைப் பிடித்தால் பத்திரமாக வீடு போகலாம். ஆனால் துறை போய்விடும். தனுஷா றிப்ஷானைப் பார்த்தாள். றிப்ஷான் கையைத் துடைத்துவிட்டுப் பாய்க்கயிற்றை இறுக்கிப் பிடித்தான்.

"வேணாம் மாமா" என்றாள் தனுஷா.

மறுபடியும் சரிவு, மறுபடியும் கிறுகு. கை நொந்தது. உதடு உப்புக் கரித்தது. வாவியின் பாதியைத் தாண்டியதும் வலைகள் தொடங்கின. ஆனால் பயமில்லை. சிவப்புத் துணிகள் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தன. துணிக்குக் கிட்ட வந்ததும் கிறுகு, எதிர்த் துணிக்குக் கிட்ட வந்ததும் கிறுகு. தாங்கள் கட்டிய துணியே தங்களுக்கு வழி சொல்வது தனுஷாவுக்குப் பிடித்திருந்தது.

கரையில் அம்மாவின் முகம் தெரியும் தூரம் வந்தாயிற்று. கடைசித் துணியும் பின்னுக்குப் போய்விட்டது.

"இனி வலை இல்ல, நேரா விடு!" என்றான் றிப்ஷான்.

தனுஷா சுக்கானைத் திருப்பப் போனாள். அப்போது முன்னால் ஒரு நீர்க்காகத்தைக் கண்டாள். இரண்டு சிறகையும் விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நடுத் தண்ணீரில் நின்று அது எப்படிச் சிறகு காயப்போடும்? காலுக்குக் கீழே ஏதோ இருக்க வேண்டுமே!

"கிறுகு!"

றிப்ஷான் ஏன் என்று கேட்கவில்லை. தலையைக் குனிந்து தாவினான். யூரியா ஒரு முழம் விலகி உரசாமல் போனது. நீர்க்காகத்தின் கீழே தண்ணீர் நிறத்தில் ஒரு கம்பு. அதிலிருந்து வலை ஒன்று நீண்டு கிடந்தது.

பின்னால் வந்த கோணாமலை தலையில் கையை வைத்தார். "அது நான் இண்டைக்கு விடிய நட்டது. துணி கட்ட மறந்திட்டன்!"

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தோளில் கிடந்த தன் சிவப்புத் துவாயை எடுத்து, நீர்க்காகத்தை விரட்டிவிட்டு, அந்தக் கம்பில் முடிச்சுப் போட்டார்.

யூரியா கரையில் ஏறியபோது பொழுது படவில்லை. சூரியன் இன்னும் படுவான்கரைத் தென்னைகளுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"போனீங்களா?" என்று எல்லாரும் கத்தினார்கள்.

தனுஷாவும் றிப்ஷானும் ஒன்றாக நாக்கை நீட்டிக் காட்டினார்கள். கோணாமலையும் தன் நாக்கை நீட்டினார். மெல்லப் பேசுகிற மனிதர் நாக்கை நீட்டியதை ஊர் அன்றுதான் முதல் தடவை கண்டது.

"துறையில ஓரமா ஒரு இடம் இருக்கு" என்றார் அவர். "நாளைக்குக் கொட்டில் போட நாலு கம்பு தாறன்."

கதை முடிந்தது என்று எழும்பாதீர்கள். இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் ஐந்து பேரும் ஆளுக்கொரு கடிதத்தோடு வந்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டு வந்த கடிதம். தனுஷா ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்லாக் கடிதத்திலும் ஒரே சங்கதி. 'நான் எனது பதவியிலிருந்து விலகுகிறேன். என்னைச் சாதாரண அங்கத்தவராகச் சேர்க்கவும்.'

"மறுகா ஆர் தலைவர்?" என்று றிப்ஷான் கேட்டான்.

வாசலில், கொட்டிலுக்குக் கம்பு கொண்டுவந்த கோணாமலை நின்றார். ஐந்து தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"எனக்கு உங்கட படகில ஏற விருப்பமில்ல" என்றார் அவர் அவசரமாக.

"அப்ப நீங்கதான் தலைவர்!" என்றார்கள் எல்லாரும்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் யூரியா ஓடுகிறது, இரண்டு இரண்டு பேராக. முறை வைத்தது தனுஷா. கந்தோர் மாமி அக்கரைக்குப் போய் நாவற்பழம் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார், நாக்கையும் காட்டினார். புதுக் கொட்டிலின் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. ஐந்து பேர், பல் தெரியும் சிரிப்பு, பாதி சாய்ந்த படகு. காட்டாதே என்று சொன்ன மாமிதான் கண்ணாடி போட்டு மாட்டினார். கீழே தனுஷாவின் முத்து எழுத்தில் ஒரு வரி: 'கழகத்தின் முதல் பன்னிரண்டு விநாடி.'

சரி செல்லங்களே, கால் மரத்துப் போயிருக்கும், எழும்புங்கள். உங்கள் வீட்டு உலை நேரத்துக்குக் கொதிக்கட்டும். கொடியில் காயப்போட்ட உடுப்பைக் கச்சான் அள்ளிக்கொண்டு போகாதிருக்கட்டும். வெளியே போனவர்கள் எந்தக் காற்றிலும் பொழுது பட முந்தி வீடு வந்து சேரட்டும். வந்தவர்களுக்கு உங்கள் வீட்டுப் பாயில் எப்போதும் ஓர் ஓரம் இருக்கட்டும்.